நகைக்கு வரி போட மேயரால் முடியுமா?

2016 மே மாதம் லண்டன் மேயர் தேர்தல். அதற்குச் சில வாரங்கள் முன்பு அந்நகரத்துத் தமிழர் வீடுகளுக்குத் தபாலில் ஒரு துண்டறிக்கை வந்தது. அனுப்பியது கன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளர் ஸாக் கோல்ட்ஸ்மித்தின் தேர்தல் குழு. எதிர்த்து நின்ற லேபர் கட்சியின் சாதிக் கான், அமைச்சராக இருந்த காலத்தில் இலங்கையைப் பற்றியோ தமிழர்களின் கவலைகளைப் பற்றியோ பேசவில்லை என்றது அந்தத் தாள். அவருடைய கட்சி போகிற போக்கில் உங்கள் குடும்பத்துக்கும் பரம்பரைப் பொருள்களுக்கும் கூடுதல் வரி வரும் என்றும் பயமுறுத்தியது. இந்திய வம்சாவளியினர் வீடுகளுக்குப் போன தாளில் இலங்கை இல்லை, மோடி இருந்தார். 2015 நவம்பரில் வெம்ப்ளி மைதானத்தில் இந்தியப் பிரதமருக்கு நடந்த வரவேற்புக்குக் கோல்ட்ஸ்மித் போயிருந்தார், கான் வரவில்லை என்பது அங்கே குற்றச்சாட்டு. கூடவே, குடும்ப நகைகளுக்கு வரி என்ற பூச்சாண்டி. தெற்காசியக் குடும்பம் என்றால் பீரோவில் தங்கம் இருக்கும், தங்கம் இருந்தால் பயமும் இருக்கும் என்று எங்கோ ஒரு பிரசார ஆலோசகர் கணக்குப் போட்டிருக்கிறார்.

கணக்கு முழுக்கத் தப்பில்லை. தீபாவளிக் காலத்தில் ஆசியக் குடும்பங்களின் வீட்டுத் தங்கத்தைக் குறிவைக்கும் திருடர்களைப் பற்றி லண்டன் போலீசே எச்சரிக்கை விடுப்பது வழக்கம். தங்கத்தைப் பற்றிய கவலை அங்கே உள்ளதுதான். ஆனால் நகைக்கு வரி போடும் அதிகாரம் லண்டன் மேயருக்குக் கிடையாது. பேருந்துக் கட்டணம், சுரங்க ரயில் கட்டணம், மத்திய லண்டனுக்குள் கார் ஓட்டினால் கட்டவேண்டிய நெரிசல் கட்டணம், போலீசுக்கான நிதி, தீயணைப்பு, வீட்டுவசதி, நகரத் திட்டமிடல் ஆகியவைதான் 2000-ல் உருவான இந்தப் பதவியில் இருப்பவரின் வேலை. வரி என்று பார்த்தால், வீட்டுக்கு வீடு வசூலாகும் கவுன்சில் வரியில் தன் பங்காக ஒரு தொகையைச் சேர்க்கலாம். சொத்து வரியா, தங்க வரியா என்பதெல்லாம் நாட்டின் நிதியமைச்சர் தீர்மானிக்கிற சமாசாரம். அன்றைக்கு அந்த நாற்காலியில் இருந்தவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் ஜார்ஜ் ஆஸ்போர்ன்! மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டதை அச்சடித்துத் தபால்தலை ஒட்டியும் அனுப்பலாம் என்று அந்தத் தேர்தல் காட்டியது.

இலங்கை பற்றிய வாக்கியம் இதைவிட நுட்பமானது. 2008 அக்டோபரில் கான், கார்டன் பிரவுன் அரசில் இளநிலை அமைச்சரானார். 2009-ல் வன்னியில் போரின் கடைசி மாதங்கள். லண்டன் தமிழர்கள் நாடாளுமன்றச் சதுக்கத்தில் வாரக்கணக்கில் இரவும் பகலும் கூடி நின்றார்கள். பிரிட்டிஷ் அரசு இன்னும் ஏதாவது செய்திருக்கலாம் என்ற ஆதங்கம் அவர்களுக்கு இன்றும் உண்டு. கானின் தொகுதி டூட்டிங். தோசைக் கடையும் கொத்து ரொட்டிக் கடையும் முத்துமாரி அம்மன் கோவிலும் இருக்கிற இடம். அந்தத் தொகுதித் தமிழர் ஒருவர் அவரை நேரில் நிறுத்தி, “அந்த நாள்களில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டிருந்தால் அது முழுக்க நியாயமான கேள்வி. துண்டறிக்கை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கான் அப்போது கவனித்தது உள்ளாட்சி, சமூகங்கள் துறையை, பிறகு போக்குவரத்தை. வெளியுறவு டேவிட் மிலிபாண்ட் கையில் இருந்தது. 2009 ஏப்ரல் இறுதியில் பிரான்ஸ் வெளியுறவு அமைச்சரோடு கொழும்புக்குப் போய், போர்நிறுத்தம் கேட்டு, வெறுங்கையோடு திரும்பியவர் அவர். இதில் ஒரு வரியும் தாளில் இல்லை. முள்ளிவாய்க்காலில் உறவைப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தின் துக்கத்தையும் நகை வரிப் பூச்சாண்டியையும் ஒரே தாளில் மடித்து அனுப்பினார்களே, அந்தத் தேர்தலின் ஆகக் கேவலமான காரியம் அதுதான்.

அந்தத் தேர்தலை இன்று திரும்பிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தேர்தல் நேரத்து வதந்தியால் அடிபடுவது வேட்பாளர் என்று நினைத்துக்கொள்கிறோம். அவருக்குக் காயம் படுவது உண்மைதான். ஆனால் அவர் ஜெயித்துவிட்டால் காயம் ஆறிவிடும். கேட்கப்படாமலே போன கேள்விகளின் நஷ்டம் ஊருக்குத்தான், அடுத்த நான்கு வருஷத்துக்கு.

வேட்பாளர்கள் இருவரையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பாகிஸ்தானிலிருந்து வந்த பேருந்து ஓட்டுநரின் மகன் கான். அம்மா துணி தைத்துச் சம்பாதித்தவர். எட்டுப் பிள்ளைகளில் ஐந்தாமவர். வளர்ந்தது கவுன்சில் குடியிருப்பில். மனித உரிமை வழக்கறிஞர், உள்ளூர்க் கவுன்சிலர், 2005 முதல் எம்.பி. கோல்ட்ஸ்மித், பெரும் கோடீஸ்வரர் ஜேம்ஸ் கோல்ட்ஸ்மித்தின் மகன். ஈட்டன் பள்ளியில் படித்தவர். சுற்றுச்சூழல் பத்திரிகை நடத்தியவர். ஹீத்ரோ விமான நிலையத்தில் மூன்றாவது ஓடுபாதை கூடாது என்பதில் சொந்தக் கட்சியையே எதிர்த்து நின்றவர். மென்மையாகப் பேசுகிறவர் என்று பெயர். அவருடைய சகோதரி ஜெமிமாவின் முன்னாள் கணவர் இம்ரான் கான். முஸ்லிம் வெறுப்பு அரசியல் செய்யப் பிறந்தவர் என்று அவரை யாரும் நினைத்ததில்லை. அதனால்தான் அவர் பெயரில் நடந்த பிரசாரம் அவருடைய நண்பர்களையே முகம் சுளிக்க வைத்தது.

சொல்லப்போனால் கோல்ட்ஸ்மித் கையில் நல்லதோர் ஆயுதம் இருந்தது. பொதுப் போக்குவரத்துக் கட்டணத்தை நான்கு ஆண்டுக்கு உயர்த்த மாட்டேன் என்பது கானின் தலையாய வாக்குறுதி. அதற்கு ஆகும் செலவு 45 கோடி பவுண்டு என்றார் கான். 190 கோடி என்றது நகரப் போக்குவரத்து நிறுவனம். ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசம்! எந்தப் பணத்தில் இதைச் சமாளிப்பீர்கள், எந்தப் பாதையில் ரயில் பெட்டி வாங்குவது தள்ளிப்போகும், உயர்த்த மாட்டேன் என்பது எல்லா வகை டிக்கெட்டுக்குமா என்று தினம் தினம் குடைந்திருக்கலாம். குடையவேண்டிய கேள்விதான் அது. கான் பதவியேற்ற பிறகு பார்த்தால், வார, மாதப் பாஸ் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தவில்லை. லட்சக்கணக்கான பயணிகளைத் தொடுகிற விஷயம். கன்சர்வேட்டிவ் தரப்பு இதைப் பேசாமல் இருக்கவில்லை, பேசினார்கள். ஆனால் மார்ச், ஏப்ரலில் தலைப்புச் செய்தியாக நின்றது இது அல்ல. கான் யாருடன் மேடையில் உட்கார்ந்தார் என்பதுதான்.

2016 ஏப்ரல் 20. நாடாளுமன்றத்தில் பிரதமரின் கேள்வி நேரம். டேவிட் கேமரன் எழுந்து, டூட்டிங் பகுதி இமாம் ஒருவரின் பெயரைச் சொல்லி, கான் அவரோடு ஒன்பது முறை ஒரே மேடையில் தோன்றியிருக்கிறார், அந்த இமாம் ‘இஸ்லாமிய அரசு’ (ஐ.எஸ்.) அமைப்பை ஆதரிக்கிறவர் என்றார். எதிர்வரிசையிலிருந்து இனவெறி என்று கூச்சல் எழுந்தது. உள்ளே என்ன பேசினாலும் வழக்குப் போட முடியாத பாதுகாப்பு பிரதமருக்கு இருந்தது. அந்த இமாமுக்கு அப்படி எதுவும் இல்லை.

அடுத்த சில நாள்களில் கதை கந்தலானது. ஐ.எஸ். அமைப்பை நான் ஆதரிக்கவே இல்லை என்று இமாம் மறுத்தார். கோல்ட்ஸ்மித்துடன் சிரித்தபடி அவர் நிற்கும் படம் வெளியே வந்தது. முந்தைய பொதுத் தேர்தலில் டூட்டிங்கில் கானை எதிர்த்து நின்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளரை ஆதரித்தவர் அவர் என்பதும் தெரியவந்தது. ஒருபாலினத் திருமணச் சட்டத்துக்குக் கான் ஓட்டுப் போட்டதால் இமாமுக்கு அவர் மேல் கோபம். தேர்தல் முடிந்து கான் ஜெயித்த பிறகு, மே 11-ம் தேதி, கேமரன் மன்னிப்புக் கேட்டார்: ஏதோ ஓர் இஸ்லாமிய அரசு வேண்டும் என்ற கருத்தைத்தான் குறிப்பிட்டேன், அந்த அமைப்பை அல்ல என்று ஒரு விளக்கம். அதே குற்றச்சாட்டை நாடாளுமன்றத்துக்கு வெளியே, சட்டப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் திருப்பிச் சொன்ன பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் ஃபாலனும் மன்னிப்புக் கேட்டார். ஓட்டுப் பெட்டிகளை எண்ணி முடித்த பிறகு வருகிற மன்னிப்பு யாருக்கு என்ன உதவி செய்யும்?

சரி, கான் எப்படிப் பதில் சொன்னார்?

நான் அப்பழுக்கற்றவன் என்று அவர் மார்தட்டவில்லை. மனித உரிமை வழக்கறிஞராக இருந்தவர் என்பதால் அவருடைய வழக்குக் கட்சிக்காரர்களில் சிலர் விருந்துக்கு அழைக்கத் தக்கவர்கள் அல்லர். பிரிட்டனுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்ட அமெரிக்கர் லூயி ஃபராக்கானுக்காக வாதாடியவர் அவர். அருவருப்பான கருத்துக் கொண்டவர்களோடு மேடையில் உட்கார்ந்ததும் உண்டு. அவர்கள் கருத்தோடு நான் உடன்படுகிறேன் என்ற எண்ணம் உண்டாகும்படி நடந்துகொண்டதற்கு வருந்துகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசோடு ஒத்துழைக்கும் முஸ்லிம்களைப் பற்றி 2009-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் பயன்படுத்திய இழிவான சொல் தேர்தலுக்கு முந்தைய நாள்களில் வெளியே வந்தபோது, சுற்றி வளைக்காமல் அதற்கும் மன்னிப்புக் கேட்டார். லேபர் கட்சியின் முன்னாள் மேயர் கென் லிவிங்ஸ்டன் ஹிட்லரைப் பற்றி உளறியபோது, அவரைக் கட்சியிலிருந்து விலக்கி வைக்கவேண்டும் என்று உடனே குரல் கொடுத்தவர்களில் கானும் ஒருவர். தன் கட்சிக்காரர் என்று பார்க்கவில்லை. யூத வாக்காளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரியாதவர் அல்லர்.

இதில் அரசியல் கணக்கு இல்லை என்று சொன்னால் வெகுளித்தனம். ஆனால் கணக்கோடு சேர்ந்து ஓர் ஒழுங்கும் இருந்தது. நடந்ததை நடந்தது என்றார், நடக்காததை மறுத்தார், மீதி நேரத்தில் வீட்டு வாடகையையும் பேருந்துக் கட்டணத்தையும் பேசினார். தன்னைப் பற்றிக் கேட்டால் லண்டன்காரன், பிரிட்டிஷ்காரன், ஆசிய வம்சம், இஸ்லாமிய நம்பிக்கை, அப்பா, கணவன் என்று அடுக்கிக்கொண்டே போவார். ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்து நெற்றியில் ஒட்டப் பார்த்தவர்களுக்கு அதுவே பதிலாக இருந்தது.

மே 1, ஞாயிறு. வாக்குப் பதிவுக்கு நான்கு நாள். ‘மெயில் ஆன் சண்டே’ இதழில் கோல்ட்ஸ்மித்தின் கட்டுரை வந்தது. பயங்கரவாதிகளை நண்பர்களாக நினைக்கும் கட்சியிடம் இந்த மாநகரத்தை ஒப்படைக்கப் போகிறோமா என்ற பொருளில் தலைப்பு. பக்கத்தில் படம்: 2005 ஜூலை 7 குண்டுவெடிப்பில் கூரை பிய்ந்துபோன சிவப்புப் பேருந்து. அன்று பலியானவர்கள் 52 பேர். கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னாள் இணைத் தலைவரும் முஸ்லிமுமான சயீதா வார்சி, எனக்குத் தெரிந்த ஸாக் இவர் இல்லை என்று பகிரங்கமாகவே எழுதினார். முடிவு வந்த பிறகு ஜெமிமாவும் தன் சகோதரரின் உண்மையான இயல்பை இந்தப் பிரசாரம் காட்டவில்லை என்று வருத்தப்பட்டார். லண்டன் பேரவையில் அக்கட்சிக் குழுவுக்குத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ பாஃப், முஸ்லிம்களோடு கட்சி கட்டி வைத்திருந்த பாலங்களை இது தகர்த்துவிட்டது என்று தொலைக்காட்சியில் கொதித்தார். கானுக்காக வேறு யாரும் பதில் சொல்லத் தேவையில்லாதபடி எதிர்முகாமே பேசிவிட்டது.

முதல் சுற்றில் கானுக்கு 11,48,716 ஓட்டு, கோல்ட்ஸ்மித்துக்கு 9,09,755. அப்போது லண்டனில் இரண்டாம் விருப்ப ஓட்டு முறை இருந்தது. தோற்ற வேட்பாளர்களின் ஆதரவாளர்கள் குறித்திருந்த இரண்டாம் பெயரையும் எண்ணுவார்கள். அதில் கானுக்குக் கூடுதலாகக் கிடைத்தது 1,61,427, கோல்ட்ஸ்மித்துக்கு 84,859. ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. இதை அவதூறின் விளைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மூன்றாவதாக வந்த பசுமைக் கட்சியின் ஆதரவாளர்கள் இயல்பாகவே இடது பக்கம் சாய்கிறவர்கள். ஆனால் சண்டையில் சேராதவர்களின் நல்லெண்ணமும் தேவைப்படுகிற ஒரு தேர்தல் முறையில், பாதி ஊரைப் பயமுறுத்துகிற பிரசாரம் மூடத்தனமான தேர்வு. 2022-ன் சட்டத் திருத்தம் அந்த முறையை எடுத்துவிட்டது. 2024 தேர்தலில் யாருக்கு அதிக ஓட்டோ அவர் மேயர் என்றானது.

இதைக் கன்சர்வேட்டிவ் கட்சியின் தனிச்சொத்து என்று பாவித்தால் அது இன்னொரு அவதூறாகிவிடும். 2010 பொதுத் தேர்தலில் ஓல்டாம் பகுதியில் லேபர் எம்.பி. ஃபில் வூலஸ், லிபரல் டெமாக்ரட் எதிராளி தீவிரவாதிகளின் ஆதரவைத் தேடுகிறார் என்று துண்டறிக்கை அடித்தார். ஜெயித்தது 103 ஓட்டில். பிரிட்டனின் 1983-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில், வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றி, உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமல் பொய் சொல்வதைக் குற்றமாக்கும் 106-வது பிரிவு இருக்கிறது. அதன் கீழ் தேர்தல் நீதிமன்றம் 2010 நவம்பரில் அந்த வெற்றியை ரத்து செய்தது. மூன்று ஆண்டுகள் அவர் தேர்தலில் நிற்கவும் தடை.

லண்டனுக்குள்ளேயே, டவர் ஹாம்லட்ஸ் பகுதியின் மேயர் லுத்ஃபுர் ரஹ்மான் கதை இன்னும் வினோதம். வங்கதேசத்தில் பிறந்த முஸ்லிம். 2014-ல் ஜெயித்த அவரது தேர்தலை 2015 ஏப்ரலில் நீதிமன்றம் செல்லாதென்று அறிவித்தது. முறைகேடுகளின் நீண்ட பட்டியலில் ஒன்று, லேபர் எதிராளி ஜான் பிக்ஸை இனவெறியர் என்று பொய்யாகச் சித்தரித்தது. அடிபட்டவன் அடிக்கக் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆவதில்லை. ஐந்தாண்டுத் தடை முடிந்து 2022-ல் ரஹ்மான் மறுபடியும் மேயரானார் என்பது தனிக்கதை.

சட்டத்துக்கும் எல்லை உண்டு. இன்ன தேதியில் இன்ன காரியம் செய்தார் என்று பொய் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். தீவிரப் போக்குள்ளவர், பிரிவினை வளர்ப்பவர் என்று பட்டும் படாமலும் சொன்னால் அது அரசியல் கருத்து. கோல்ட்ஸ்மித் பிரசாரத்துக்குப் பிடித்தமான இரண்டு அடைமொழிகள் இவைதான். வழக்கறிஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிய பிரசாரம் எப்போதும் இந்தக் கோட்டின் ஓரத்திலேயே நடக்கும். ஆகவே நீதிமன்றத்தை நம்பி வேட்பாளர் சும்மா இருக்க முடியாது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து நியூயார்க்கில் இதே நாடகம் வேறு நடிகர்களோடு அரங்கேறியது. திரைப்பட இயக்குநர் மீரா நாயரின் மகன், உகாண்டாவில் பிறந்த ஸோஹ்ரான் மம்தானி. 2025 ஜூனில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ கூமோவைத் தோற்கடித்தார். கூமோ சுயேச்சையாக மறுபடி களமிறங்கினார். உட்கட்சித் தேர்தலின்போதே கூமோ ஆதரவு அமைப்பு ஒன்று தயாரித்த துண்டறிக்கை மாதிரியில் மம்தானியின் தாடி உள்ளதைவிடக் கறுப்பாக, நீளமாக இருந்தது. அது தபாலில் போவதற்கு முன்பே வெளியே கசிந்துவிட்டது. டிரம்ப் அவரைக் கம்யூனிஸ்ட் என்றார். கல்லூரி விண்ணப்பத்தில் ஆசியர் என்பதோடு கறுப்பர் அல்லது ஆப்பிரிக்க அமெரிக்கர் என்ற கட்டத்தையும் டிக் அடித்தாரே என்று கேள்வி வந்தது. உகாண்டாவில் பிறந்த இந்தியனுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை என்றார் அவர். அக்டோபரில் ஒரு வானொலி நிகழ்ச்சி. இன்னொரு செப்டம்பர் 11 நடந்தால் மம்தானி கைதட்டுவார் என்று தொகுப்பாளர் சொல்ல, கூமோ சிரித்துக்கொண்டே அதுவும் ஒரு பிரச்சினைதான் என்றார்.

மறுநாள், அக்டோபர் 24, பிராங்க்ஸில் ஒரு மசூதி வாசலில் நின்று மம்தானி பேசினார். அதுவரை அவருடைய உத்தி வேறு: வாடகை, பேருந்து, குழந்தைப் பராமரிப்பு, இவற்றை விட்டு நகரமாட்டேன் என்பது. நாம் பாட்டுக்கு எல்லாருக்குமான பிரச்சினையைப் பேசிக்கொண்டிருந்தால் இந்த வசைகள் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன், அது தப்பு என்றார். செப்டம்பர் 11-க்குப் பிறகு ஹிஜாபோடு சுரங்க ரயிலில் போகவே பயந்த ஓர் அத்தையைப் பற்றிக் குரல் தழுதழுக்கச் சொன்னார். உடனே எதிர்த்தரப்பு பூதக்கண்ணாடியை எடுத்தது. துணை அதிபர் ஜே.டி.வான்ஸ் கிண்டலடித்தார். அவர் அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரி என்று மம்தானி விளக்க வேண்டியதாயிற்று. அப்பாவின் ஒன்றுவிட்ட சகோதரியை அத்தை என்று அழைப்பதில் என்ன மோசடி என்று நம்மூர்க்காரர்களுக்குப் புரியப்போவதே இல்லை. ஆனால் பாடம் வேட்பாளருக்கு: அவதூறுக்குப் பதில் சொல்லும் மேடையில் ஒவ்வொரு சொல்லையும் எதிராளி சோதனைச் சாலைக்கு அனுப்புவான்.

மம்தானி பேசியது சரியா, கான் வழியில் ஒரு வரியில் முடித்திருக்க வேண்டுமா? பேசியதே சரி. அந்த வானொலிச் சிரிப்புக்குப் பிறகும் வாடகையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால், அந்த ஊரில் இருக்கும் லட்சக்கணக்கான முஸ்லிம்களுக்கு அது காதில் விழாத மாதிரி நடிப்பதாகத் தோன்றியிருக்கும். கானும் சும்மா இருக்கவில்லை. தேவைப்பட்ட அளவு பேசினார். அளவுதான் கஷ்டம். நூறு வசைக்கும் நூறு மறுப்பு எழுதுகிற வேட்பாளர், எதிராளி வகுத்த பாடத்திட்டத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்.

நியூயார்க்கிலும் அமுங்கிப்போனது அதே ரகக் கேள்விதான். மம்தானி சொன்ன இலவசப் பேருந்து மேயரின் கையில் மட்டும் இல்லை. போக்குவரத்து ஆணையம் மாநிலத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பணக்காரர்களுக்குக் கூடுதல் வருமான வரி போட வேண்டுமென்றால் மாநிலத் தலைநகர் ஆல்பனி தலையசைக்க வேண்டும். வாடகை உயர்வை நிறுத்துவது வேறு மாதிரி. அதைத் தீர்மானிக்கும் வாரிய உறுப்பினர்களை மேயர்தான் நியமிக்கிறார், அது நடக்கக்கூடியது. இந்த வித்தியாசத்தை வாக்காளருக்கு விளக்கி மம்தானியை மடக்க, மூன்று முறை ஆளுநராகத் தேர்வான கூமோவைவிடத் தகுதியானவர் யார்? ஆல்பனியின் ஒவ்வொரு கதவும் அவருக்குத் தெரியும். விவாத மேடைகளில் கொஞ்சம் முயன்றும் பார்த்தார். ஆனால் ஊர் நினைவில் வைத்துக்கொண்டது வானொலிச் சிரிப்பையும், மம்தானிக்குக் குற்றவாளிகள் ஆதரவு என்று செயற்கை நுண்ணறிவில் செய்து, வெளியிட்டு, உடனே அவர் குழு நீக்கிய விளம்பரத்தையும்தான். நவம்பர் 4-ம் தேதி மம்தானி பாதிக்குச் சற்று மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

கான் பக்கம் திரும்பினால், வசை நிற்கவில்லை, உருவம்தான் மாறியது. 2023 நவம்பரில், போர் வீரர் நினைவு தினத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பாலஸ்தீன ஆதரவுப் பேரணியை நடத்தவேண்டும் என்று அவரே பேசுவதுபோல் ஓர் ஒலிப்பதிவு பரவியது. குரல் அச்சாக அவருடையது. செயற்கை நுண்ணறிவில் செய்தது. தெருச் சண்டை மூளும் அளவுக்குப் போயிற்று என்றார் கான். போலீஸ் ஆராய்ந்து, குற்றம் எதுவும் இல்லை என்று கோப்பை மூடியது. 2024 தேர்தலில் லண்டன் குற்றங்களின் தலைநகராகிவிட்டது என்று கன்சர்வேட்டிவ் கட்சி ஒரு வீடியோ வெளியிட்டது. அதில் மக்கள் அலறி ஓடும் காட்சி நியூயார்க் ரயில் நிலையத்தில் எடுத்தது என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள். கார் வைத்திருப்பவர்களுக்கு அபராத நோட்டீஸ் மாதிரியே அச்சடித்த துண்டறிக்கையும் போனது: கான் வந்தால் ஓட்டுகிற ஒவ்வொரு மைலுக்கும் காசு.

இந்தக் கடைசிப் புகைக்குக் கொஞ்சம் நெருப்பு இருந்தது. மாசு கக்கும் வண்டிக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு வசூலிக்கும் திட்டத்தை 2023 ஆகஸ்டில் லண்டன் முழுவதற்கும் நீட்டியவர் கான். புறநகர்த் தொழிலாளிகள் பலர் கொதித்துப்போயிருந்தார்கள். மைல் கணக்கில் சாலைக் கட்டணம் என்ற யோசனையை 2022-ல் அவரே ஆராயலாம் என்றும் சொல்லியிருந்தார். ஆகவே பொய் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. நான் மேயராக இருக்கும்வரை அது வராது என்று திட்டவட்டமாக உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தார். வாக்காளர்களுக்கு இதனால் லாபம்தான். நோட்டீஸ் மோசடியாக இருந்தாலும் அதற்கு அடியில் கிடந்த கேள்வி மேயரின் அதிகாரத்துக்குள் வருவது. அதற்கு வந்த பதிலை வைத்து நாளைக்கு அவர் சட்டையைப் பிடிக்கலாம். நகை வரிக்கு அப்படி ஒரு பயனும் கிடையாது. 43.8 சதவீத ஓட்டோடு கான் மூன்றாம் முறை ஜெயித்தார்.

லண்டனுக்கு அடுத்த மேயர் தேர்தல் 2028 மே மாதம். ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் தமிழ்ப் பெயர் உள்ள வீடுகளுக்கு மறுபடியும் தாள்கள் வரும். இந்த முறை தபாலோடு வாட்ஸ்அப்பிலும் வரும். யார் அனுப்பினாலும், எந்தக் கட்சியானாலும், அதில் சொல்லியிருக்கும் காரியம் மேயரின் கைக்கு எட்டுவதா என்று முதலில் பாருங்கள். எட்டாது என்றால் அனுப்பிய வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது, உட்காரவைத்து டீ கொடுத்து, பேருந்துக் கட்டணமும் வாடகையும் என்ன ஆகும் என்று கேளுங்கள்.